அண்டை அயலார் சொன்ன வழி

புதிய ஊரொன்றில் வந்து இறங்குகிறவனுக்கு வழியறிந்துகொள்ள இரண்டு உபாயங்கள் உண்டு. புறப்படுவதற்கு முன்பே விவரமறிந்த ஒருவரிடம் கேட்டு, "நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் இடப்பக்கம் திரும்பு, மூன்றாவது தெருவில் வலப்பக்கம் போ" என்று ஒரு தாளில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது ஒன்று. ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று, அங்கிருப்பவரை விசாரித்து, அவர் காட்டும் திசையில் அடுத்த முனைவரை நடப்பது மற்றொன்று. முதல் உபாயத்தில் குழப்பமில்லை. ஆனால் நேற்றிரவு அத்தெருவை வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்றால், கையிலுள்ள தாளுக்கு அது தெரியாது. இரண்டாவதில் அந்தச் செய்தி உடனே தெரிந்துவிடும். ஆனால் வழி சொல்பவர் தாமே அறியாதவராகவோ, அறிந்தும் பொய்யுரைப்பவராகவோ இருந்துவிட்டால் ஊரைச் சுற்ற வேண்டியதுதான். தமிழ்நாட்டை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மில், இவ்விரண்டையும் அனுபவித்தறியாதவர் எவருமிலர்.

நாம் ஊருக்கு அனுப்பும் செய்தியும் இவ்விரண்டு உபாயங்களாலேயே வழியறிகிறது. தில்லியில் இருந்துகொண்டு சென்னையிலுள்ள தாயாருடன் இணையத்தின் வாயிலாகப் பேசும்போது, நம் குரல் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, ஒரு பொறியிலிருந்து அடுத்த பொறிக்குக் கைமாறிச் செல்கிறது. ரூட்டர் என்று வழங்கும் அப்பொறிக்குத் தமிழில் திசைவி என்று பெயரிட்டிருக்கிறார்கள். பொட்டலத்தின் மேலுள்ள முகவரியைப் பார்த்து, அதனை எந்தப் பக்கம் தள்ளுவது என்று முடிவு செய்வதொன்றே திசைவியின் தொழில். அந்த முடிவை அது எவருடைய சொல்லைக் கேட்டுச் செய்கிறது? இக்கேள்விக்கு மனிதர் கண்ட விடைகளின் வரலாறே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வகை வேலை நம் நாட்டுக்குப் புதிதன்று. ரெயில்வே அஞ்சல் பிரிவின் ஊழியர்கள் ஓடும் வண்டியில் நின்றபடியே கடிதங்களைப் பிரித்து, அறையறையாக அமைந்த மரச்சட்டத்தில் எறிந்த காலம் ஒன்று இருந்தது. எந்த ஊர்க் கடிதம் எந்தப் பையில் சேர வேண்டும் என்பதற்கு அவர்களிடம் பட்டியல் இருந்தது. பழகியவர்களுக்கு அப்பட்டியல் மனப்பாடம். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஆறு இலக்கங்கள் கொண்ட பின்கோடு முறை வந்தபோது அவ்வேலை மேலும் எளிதாயிற்று. தில்லியில் கடிதம் பிரிப்பவர் மயிலாப்பூர் எங்கிருக்கிறது என்று அறிய வேண்டியதில்லை. முதல் இலக்கம் 6 என்றால் கடிதம் தமிழ்நாடு, கேரளப் பகுதிக்கு உரியது என்று கண்டு தெற்கே அனுப்பினால் போதும். 600 என்று தொடங்கினால் சென்னை என்பதும், 600 004 என்றால் மயிலாப்பூர் என்பதும் பின்னால் வருபவர்களுடைய கவலை. முகவரியின் முன்பகுதியை மட்டும் பார்த்துப் பெருவழியை முடிவு செய்வதும், நெருங்க நெருங்க நுணுக்கமாகப் பார்ப்பதும் இம்முறையின் சாரம். இணையத்தின் திசைவிகளும் முகவரி எண்ணின் முன்பகுதியைக் கொண்டே வழி பார்க்கின்றன. இவ்வொற்றுமையை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நலம். பின்னால் இது வேண்டியிருக்கும்.

அஞ்சல் ஊழியரின் பட்டியலை மேலிடம் எழுதித் தந்தது. ஆகவே அது நாம் முதலில் சொன்ன சட்டைப்பைத் தாளைச் சேர்ந்தது. திசைவியிலும் இப்படி மனிதர் கையால் எழுதி வைக்கும் வழியுண்டு. அதனை நிலைவழி என்று அழைக்கலாம். "இன்ன முகவரிகளுக்குரிய பொட்டலங்களை இன்ன வாசல் வழியே அனுப்பு" என்பது அதன் வாசகம். யார் என்ன சொன்னாலும் அது மாறாது. மாறாமையே அதன் பலம். மாறாமையே அதன் பலவீனமும் ஆகும். எதிர் முனையில் பாதை அறுந்தாலும், தன் பக்கத்து வாசல் திறந்திருக்கும் வரையில் அது பொட்டலங்களைப் படுகுழியில் தள்ளிக்கொண்டே இருக்கும். பட்டியலை ஒருவர் வந்து திருத்தினாலன்றி அதற்கு விமோசனமில்லை.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரேண்ட் என்னும் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பால் பாரன் என்ற பொறியியலறிஞரை வருத்திய கேள்வி இதுதான். அணுகுண்டுப் போர் மூண்டு, தொலைபேசியின் பெரிய நிலையங்கள் சில அழிந்துபட்டால், மீந்திருக்கும் கம்பிகளைக்கொண்டு செய்தி அனுப்புவது எப்படி? வழி சொல்லும் தலைமை நிலையமே அழிந்த பிறகு யாரைக் கேட்பது? யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதே அவர் கண்ட விடை. ஒவ்வொரு நிலையத்தையும் மூன்று அல்லது நான்கு அண்டை நிலையங்களோடு வலைபோல் பின்னிவிட வேண்டும். செய்தியைச் சிறு துண்டுகளாக்க வேண்டும். ஒவ்வொரு நிலையமும், தனக்கு வந்த துண்டுகள் எத்திசையிலிருந்து விரைவில் வந்தன என்று கவனித்து, அவ்வறிவைக்கொண்டே எதிர்த்திசைத் துண்டுகளை அனுப்ப வேண்டும். கையில் வந்ததைச் சுடச்சுட அடுத்தவர் கைக்குத் தள்ளிவிடும் இம்முறைக்குச் 'சுட்ட உருளைக்கிழங்கு' என்றே அவர் வேடிக்கையாகப் பெயரிட்டார். 1964-ஆம் ஆண்டில் இக்கருத்துகள் பல தொகுதிகளாக வெளிவந்தன. அந்நாட்டின் பெரும் தொலைபேசி நிறுவனமான ஏ.டி.அண்ட்.டி. இது நடவாத காரியம் என்று ஒதுக்கிவிட்டது. அடுத்த ஆண்டில், பாரனின் எழுத்தை அறியாமலேயே, பிரிட்டனின் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் டொனால்டு டேவிஸ் என்பவர் இதே முடிவுக்கு வந்தார். செய்தித் துண்டுக்குப் பொட்டலம் எனப் பொருள்படும் 'பாக்கெட்' என்ற பெயரைச் சூட்டியவர் அவரே.

எண்ணத்தில் இருந்த வலை 1969-ஆம் ஆண்டில் கம்பியில் வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பொன்று 'ஆர்பாநெட்' என்னும் வலையைத் தொடங்கிற்று. இது போருக்காகக் கட்டப்பட்டது என்று பலர் எண்ணுவதுண்டு. தொலைவிலுள்ள கணிப்பொறிகளை ஆய்வாளர்கள் பகிர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பதே அதனை அமைத்தவர்களின் உடனடி நோக்கம். லாஸ் ஏஞ்சலிஸ், ஸ்டான்ஃபோர்டு, சாந்தா பார்பரா, யூட்டா ஆகிய நான்கு இடங்களில், ஒரு பீரோ அளவுள்ள பொறிகள் நிறுவப்பட்டன. ஐ.எம்.பி. என்று பெயர் பெற்ற அப்பொறிகளே இன்றைய திசைவிகளின் மூதாதையர். அவ்வாண்டு அக்டோபர் 29-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டுக்கு முதற் செய்தி சென்றது. 'லாகின்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் எதிர் முனைக் கணிப்பொறி படுத்துவிட்டது என்பது யாவரும் அறிந்த கதை.

அந்த ஐ.எம்.பி.கள் வழியறிந்த விதம் நம் கிராமத்துப் பெண்மணிகள் கிணற்றடியில் செய்தி அறிந்த விதத்தை ஒத்தது. ஒவ்வொரு பொறியும், ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில், தன் அண்டைப் பொறிகளுக்கு ஒரு பட்டியலைச் சொல்லும்: "என்னிடமிருந்து இன்ன இடத்துக்கு இவ்வளவு தாமதம்." அண்டைப் பொறி அதனோடு தன் பக்கத்துத் தாமதத்தைக் கூட்டிக்கொள்ளும், பல அண்டையர் பல கணக்குச் சொன்னால், குறைந்ததைத் தேர்ந்துகொள்ளும். இக்கணக்கின் பின்னணியில் இருந்தவை, 1950-களில் லெஸ்டர் ஃபோர்டு, ரிச்சர்டு பெல்மன் என்னும் கணித அறிஞர்கள் வகுத்த முறைகள்.

நமக்குப் பழகிய இருப்புப்பாதையைக்கொண்டு இதனை விளக்கலாம். தில்லி, நாகபுரி, விஜயவாடா, சென்னை ஆகிய நான்கு ஊர்களில் ஒவ்வொரு திசைவி வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். விஜயவாடா, "சென்னை எனக்கு 1 படி" என்கிறது. நாகபுரி அதைக் கேட்டு, "எனக்கு 2 படி" என்று குறித்துக்கொண்டு தில்லிக்குச் சொல்கிறது. தில்லி, "எனக்கு 3 படி, நாகபுரி வழியே" என்று எழுதிக்கொள்கிறது. தில்லி சென்னையைக் கண்டதில்லை, விஜயவாடாவோடு பேசியதுமில்லை. கேள்விப்பட்டதை நம்பியே அதன் பட்டியல் முழுமையாகிவிட்டது. மேலதிகாரி ஒருவரும் இல்லாமல், அயலார் வாய்மொழியாலேயே ஒரு நாடு முழுவதும் வழியறிந்துகொள்வது வியக்கத்தக்க செயல் அன்றோ?

ஆனால் வாய்மொழிக்கு உரிய நோயும் இதற்கு உண்டு. விஜயவாடாவுக்கும் சென்னைக்கும் இடையே கம்பி அறுந்ததாகக் கொள்வோம். விஜயவாடா வேறு வழி தேடுகிறது. அப்போது நாகபுரி, கள்ளமின்றி, "சென்னை எனக்கு 2 படிதான்" என்கிறது. அந்த 2 படி தன் வழியாகவே போவது என்பதை விஜயவாடா அறியாது. "அப்படியானால் எனக்கு 3 படி" என்று குறித்துக்கொள்கிறது. நாகபுரி அதைக் கேட்டு 4 என்கிறது. விஜயவாடா 5 என்கிறது. இல்லாத வழியொன்று, இருவர் வாயிலும் நீண்டுகொண்டே போகிறது. இடையில் சிக்கிய பொட்டலங்கள் பந்துபோல் இரண்டு ஊர்களுக்கும் நடுவே உதைபடுகின்றன. 1988-ஆம் ஆண்டில் முறையாக எழுதி வெளியிடப்பட்ட 'ரிப்' என்னும் நெறிமுறை இந்நோய்க்கு ஓர் எளிய கட்டுப்பாட்டை வைத்திருந்தது: 15 படிகளுக்கு மேல் எவரும் எண்ணக்கூடாது, 16 என்றால் வழியே இல்லை என்று பொருள். எண்ணுவதற்கு ஓர் எல்லை கட்டிப் பொய்யைச் சாகவைக்கும் உபாயம் இது.

இதைவிடக் கொடிய நோயொன்றும் ஆர்பாநெட்டின் தொடக்க ஆண்டுகளிலேயே வெளிப்பட்டது. 1970-களின் முற்பகுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த ஐ.எம்.பி.யின் நினைவகம் பழுதுபட்டு, அதன் பட்டியல் முழுவதும் சுழியாகிவிட்டது. "எந்த ஊரும் எனக்குச் சுழி தூரம்" என்று அது அண்டையாருக்குச் சொல்லிற்று. அதைவிடக் குறுகிய வழி உலகில் ஏது? அண்டையர் நம்பினர், அவர்களைக் கேட்டவர்களும் நம்பினர். வலையின் பொட்டலங்கள் எல்லாம் ஹார்வர்டை நோக்கி ஓடி அங்கே மறைந்தன. அப்பொறிக்கு வஞ்சக எண்ணம் ஒன்றுமில்லை. பழுதும் பொய்யும் கேட்பவனுக்கு ஒன்றுபோலவே தோன்றும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முதுமொழி. ஆர்பாநெட்டின் பொறியியலறிஞர்களும் அம்முடிவுக்கே வந்தனர். 1979-ஆம் ஆண்டு மே மாதத்தில் பழைய முறையை நீக்கிப் புதிய முறையொன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். அதன்படி எந்தப் பொறியும் தொலைவிலுள்ள ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டதைச் சொல்லக்கூடாது. தன் வாசலில் தான் நேரே அளந்ததை மட்டுமே சொல்ல வேண்டும்: "எனக்கும் என் அண்டையாருக்கும் நடுவே உள்ள கம்பியின் நிலை இது." அந்தச் சாட்சியம் மாற்றமில்லாமல் வலை முழுவதும் பரவும். எல்லாச் சாட்சியங்களையும் சேர்த்து ஒவ்வொரு பொறியும் நாடு முழுவதற்கும் தனக்கென ஒரு வரைபடம் வரைந்து, வழியைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

அக்கணக்குக்குரிய முறையை ஒல்லாந்து நாட்டின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-ஆம் ஆண்டிலேயே கண்டுவைத்திருந்தார். ஆம்ஸ்டர்டாமில் தாம் மணக்கவிருந்த பெண்ணுடன் கடைவீதிக்குச் சென்று களைத்து, ஒரு காப்பிக் கடையில் அமர்ந்திருந்தபோது, காகிதமும் பென்சிலும் இல்லாமல், 20 நிமிடத்தில் அதனை மனத்தில் வகுத்ததாக அவரே பின்னாளில் கூறினார். புதிய கணிப்பொறி ஒன்றின் திறமையைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்காக, ராட்டர்டாமிலிருந்து கிரோனிங்கனுக்குக் குறுகிய சாலை எது என்பது போன்ற கேள்விகளுக்கு விடை காண எழுந்தது அது. 1959-ஆம் ஆண்டில் மூன்று பக்கக் கட்டுரையாக அது வெளிவந்தது. தொடங்கும் ஊரிலிருந்து மிக அருகிலுள்ள ஊரை உறுதி செய்துகொண்டு, அங்கிருந்து அடுத்த அருகிலுள்ள ஊர் என்று ஒவ்வொன்றாக உறுதி செய்துகொண்டே போவது அதன் முறை.

நேரே கண்டதை மட்டுமே சொல்ல வேண்டும் என்று விதித்துவிட்டால் துன்பம் தீர்ந்ததா? தீரவில்லை. 1980-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் ஆர்பாநெட் முழுவதும் பல மணி நேரம் செயலற்றுக் கிடந்தது. காரணம் விசித்திரமானது. சாட்சியங்களில் எது பழையது, எது புதியது என்று அறிவதற்காக அவற்றுக்கு வரிசை எண் இடுவது வழக்கம். எண்கள் 0 முதல் 63 வரை சென்று மறுபடி 0-க்குத் திரும்பும். அன்று பழுதுபட்ட ஒரு பொறியின் நினைவகத்தில், 44 என்ற எண்ணுள்ள சாட்சியத்தில் ஓரிரு துளிகள் உதிர்ந்து, ஒன்று 40 ஆகவும் மற்றொன்று 8 ஆகவும் மாறிவிட்டன. கடிகார முகத்தில் 1, 5, 9 ஆகிய மூன்றையும் நோக்குங்கள். 1-க்குப் பின் 5. 5-க்குப் பின் 9. 9-க்குப் பின் மீண்டும் 1. மூன்றில் எது கடைசி? வட்டத்தில் கடைசி என்பதே இல்லை. அப்படியே 8-ஐ விட 40 புதியது, 40-ஐ விட 44 புதியது, 44-ஐ விட 8 புதியது என்று பொறிகள் கருதின. மூன்று சாட்சியங்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வலை முழுவதும் ஓயாமல் சுற்றின. வேறு வேலைக்குப் பொறிகளுக்கு நேரமே இல்லாமற்போயிற்று. அம்மூன்று சாட்சியங்களும் எந்தப் பொறியின் பெயரில் வந்தனவோ அதன் சாட்சியங்களை ஏற்கவேண்டாம் என்று மற்றப் பொறிகளுக்கு ஆணையிட்டே வலையை மீட்டார்கள். எரிக் ரோசன் என்னும் அறிஞர் அடுத்த ஆண்டில் இதன் காரணங்களை ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டார். ராடியா பெர்ல்மன் என்ற பெண்ணறிஞர் 1983-ஆம் ஆண்டில் இதற்கு நிலையான பரிகாரம் கூறினார். எண்கள் வட்டமாகச் சுழலாமல் நேர்க்கோடாக நீள வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் ஆயுள் குறிக்கப்பட வேண்டும். ஆயுள் முடிந்ததும் அது தானே மடிய வேண்டும். பின்னர் எழுந்த நெறிமுறைகள் இப்பாடத்தை மறக்கவில்லை.

இதுவரையில் நாம் கண்டது ஒரே ஆட்சியின் கீழுள்ள வலையின் கதை. 1980-களில் வலைகள் பலவாயின. அவற்றின் உரிமையாளர்களும் பலராயினர். ஒருவருடைய வீட்டு வரைபடத்தை மற்றவருக்குக் காட்ட எவரும் விரும்புவதில்லை. அயலார் சரக்கைத் தம் தெரு வழியே விடுவதா இல்லையா என்பது அவரவர் உடன்படிக்கையைப் பொறுத்தது. இங்கே குறுகிய வழி எது என்பதைவிட, யாருடன் என்ன ஒப்பந்தம் என்பதே முதற் கேள்வியாயிற்று. 1989-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த பொறியாளர் கூட்டத்தின்போது, சிஸ்கோ நிறுவனத்தின் கிர்க் லோஹீடும் ஐ.பி.எம். நிறுவனத்தின் யாகோவ் ரெக்டரும் உணவு மேசையில் அமர்ந்து, கை துடைக்கும் காகிதங்களில் ஒரு நெறிமுறையை எழுதினர். 'பி.ஜி.பி.' என்னும் எல்லை நெறிமுறையின் பிறப்பு அது. அவ்வாண்டு ஜூனில் அது முறையாக வெளியிடப்பட்டது. இதில் ஒவ்வொரு வலையும், "இந்த முகவரிகளை என் வழியே அடையலாம், இன்னின்ன வலைகளைக் கடந்து செல்ல வேண்டும்" என்று வழியிலுள்ளவர்களின் பெயர்களையும் சேர்த்தே சொல்லும். தன் பெயர் ஏற்கெனவே அப்பட்டியலில் இருக்கக் கண்டால், செய்தி சுற்றி வந்திருக்கிறது என்று உணர்ந்து திசைவி அதைத் தள்ளிவிடும். நாகபுரியும் விஜயவாடாவும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்ட குறை இதனால் நீங்கிற்று. பல முறை திருத்தம் பெற்று, இன்றும் இணையத்தின் பெருவலைகளைப் பிணைத்து நிற்பது இந்நெறிமுறையே. உலகத் திசைவிகள் இவ்வாறு ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் வழிகள் 2022-ஆம் ஆண்டளவிலேயே 9 இலட்சத்தைக் கடந்துவிட்டன.

இந்த எல்லை அரசியல் நம்மையும் நேரே தொட்டது. இந்தியாவில் 1986-ஆம் ஆண்டில் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 'எர்நெட்' என்னும் கல்வி வலையைத் தொடங்கிற்று. தில்லி, மும்பை, கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய இடங்களிலுள்ள ஐந்து ஐ.ஐ.டி.களும், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும், மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் அதில் பங்குகொண்டன. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. 1998-இல் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் இந்நிறுவனங்கள் வெளிநாட்டுக்குக் கம்பி போட்டனவேயன்றித் தமக்குள் ஒன்றோடொன்று இணைந்துகொள்ளவில்லை. விளைவு யாது? தில்லியில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர், சென்னையில் மற்றொரு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு அனுப்பிய செய்தி, இரு நிறுவனங்களும் சந்திக்கும் இடம் வெளிநாட்டில்தான் உண்டு என்பதால், கடல் கடந்து போய்த் திரும்பி வந்தது. தில்லிக்கும் சென்னைக்கும் இருப்புப்பாதையில் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி ஒரு நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். அவ்வழி நேரே சென்றால் நூறில் ஒரு நொடி போதும். அமெரிக்கா சென்று மீள்வதாயின் 25,000 கிலோமீட்டருக்குக் குறையாது; எட்டில் ஒரு நொடி பிடிக்கும். நேரம் மட்டுமன்று, அந்நியச் செலாவணியும் செலவாயிற்று.

இதில் திசைவிகளின் தவறு ஒன்றுமில்லை. இருக்கும் வழிகளுள் நல்லதை அவை தேரும். இல்லாத வழியை உண்டாக்க அவற்றால் இயலாது. வழியை மனிதர்தாம் அமைக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டில் 'நிக்சி' என்னும் தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு நிறுவப்பட்டது. முதலில் நொய்டாவிலும், பின்னர் மும்பை, சென்னை, கொல்கத்தா நகரங்களிலும் பொதுச் சந்திப்பு நிலையங்கள் ஏற்பட்டன. எல்லா நிறுவனங்களும் ஒவ்வொரு கம்பியை அங்கே கொண்டுவந்து, உள்நாட்டுச் செய்தியை உள்நாட்டிலேயே கைமாற்றிக்கொள்ள வழி பிறந்தது. ஊருக்கு வெளியே வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு இது சிறிய செய்தியன்று. தாயும் மகனும் பேசும் பேச்சு மூன்றாம் நாடு ஒன்றின் வாசலில் காத்து நிற்க வேண்டியதில்லை என்ற நிலைக்கு அடிகோலியது அது.

இனி, அயலார் சொல்லை அப்படியே நம்புவதால் விளைந்த இரண்டு பெரிய நிகழ்ச்சிகளைக் காண்போம். 1997-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் அமெரிக்காவில் சிறிய சேவை நிறுவனமொன்றின் திசைவி, உலகின் பல வலைகளுக்குத் தானே வழி என்று தவறுதலாக அறிவித்துவிட்டது. பெரிய வலைகள் அதனை விசாரியாமல் ஏற்றுப் பரப்பின. இணையத்தின் பெரும்பகுதி தடுமாறிற்று. 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் நடந்தது இன்னும் தெளிவான பாடம். யூடியூப் தளத்தை நாட்டுக்குள் தடுக்க வேண்டும் என்று பாகிஸ்தான் அரசு ஆணையிட்டது. அதற்காகப் பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம் அமைத்த வழி, எல்லை நெறிமுறையின் வாயிலாக வெளியே கசிந்தது. அதற்கு இணைப்பளித்த ஹாங்காங் நிறுவனம் தடுக்காமல் உலகுக்குச் சொல்லிவிட்டது. யூடியூப் 1,024 முகவரிகளை ஒரு தொகுதியாக அறிவித்திருந்தது. கசிந்த அறிவிப்போ அவற்றுள் 256 முகவரிகளை மட்டும் குறித்தது. முன்னே சொன்ன பின்கோடு இங்கே நினைவுக்கு வர வேண்டும். "600 எனத் தொடங்குவன என்னிடம் வரட்டும்" என்று ஒருவரும், "600 004 என்னிடம் வரட்டும்" என்று மற்றொருவரும் கேட்டால், மயிலாப்பூர்க் கடிதத்தை இரண்டாமவரிடம் தருவதே பிரிப்பவருக்கு விதி. நுணுக்கமாகச் சொன்னவருக்கே முதலிடம். திசைவிகளின் விதியும் அதுவே. ஆகவே உலகின் பல மூலைகளிலிருந்தும் யூடியூப்பைத் தேடிய பொட்டலங்கள் பாகிஸ்தானை நோக்கிச் சென்று மடிந்தன. நிலைமை சீராக இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று.

ஒரு நிலத்தை என்னுடையது என்று சொல்பவரிடம் நாம் பத்திரத்தைக் கேட்கிறோம். பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் பார்க்கிறோம். முகவரிகளுக்கு அத்தகைய ஏற்பாடு நெடுங்காலம் இருந்ததில்லை. 2012-ஆம் ஆண்டில் 'ஆர்.பி.கே.ஐ.' என்ற முறைக்கு விதிகள் வெளியாயின. இம்முகவரிகளை அறிவிக்கும் உரிமை இன்ன வலைக்கே உண்டு என்று, முகவரி வழங்கும் அமைப்பின் வழிவந்த கையொப்பத்துடன் பதிவு செய்வது அம்முறை. அறிவிப்பு வந்ததும் திசைவி அப்பதிவோடு ஒப்பிட்டு, பொருந்தாததைத் தள்ளலாம். எனினும் முகவரியின் சொந்தக்காரர் யார் என்பதையே இது உறுதிப்படுத்தும். இடையிலுள்ளவர் அனைவரும் மெய் பேசினார்களா என்பதை உறுதிப்படுத்தாது. பதிவு செய்யாத முகவரிகளும், ஒப்பிட்டுப் பார்க்காத வலைகளும் இருக்கும் வரையில் பாதுகாப்பும் குறையுடையதே.

இவ்வளவு நெறிமுறைகள் வந்த பின்பு, கையால் எழுதும் பழைய நிலைவழி மறைந்துவிட்டதா என்றால், இல்லை. நம் வீட்டிலுள்ள சிறு திசைவிக்குத் தெரிந்த வழி பெரும்பாலும் ஒன்றுதான்: "இவ்வீட்டுக்குள் இல்லாததையெல்லாம் சேவை நிறுவனத்திடம் கொடு." ஒரே வாசல் உள்ள வீட்டில், எந்த வாசல் வழியே போவது என்று அண்டையாரைக் கூட்டி ஆலோசிப்பது வீண் வேலையல்லவா? பெரிய அலுவலகங்களிலும், மாறக்கூடாத வழிகளை இன்றும் கையாலேயே எழுதி வைக்கிறார்கள். ஒரே இடத்துக்கு இருவகை வழியும் இருக்குமாயின், பெரும்பாலான திசைவிகள், தம்மை ஆள்பவர் எழுதியதை முதலிலும் அயலார் சொன்னதைப் பிறகும் நம்புமாறு அமைக்கப்பட்டிருக்கின்றன. சில சமயம் இதனைத் தலைகீழாக்கி, அயலார் சொல் நின்றுபோனால் மட்டும் எழுந்து வருமாறு ஒரு நிலைவழியைக் காப்பாக ஒதுக்கி வைப்பதும் உண்டு. அனுபவமுள்ள பயணி வழி கேட்டுக்கொண்டே நடந்தாலும், சட்டைப் பையில் தாள் ஒன்றை வைத்திருப்பது போன்றது இது.

பாரன் காலத்திலிருந்து இன்றுவரை நடந்ததை ஒருசேர நோக்கினால், ஒன்று தெளிவாகிறது. தலைமை ஒன்றும் இல்லாமல், ஒருவரையொருவர் அறியாத பல்லாயிரம் வலைகள், அண்டையாரின் சொல்லை நம்பி உலகத்தை இணைத்திருக்கின்றன. அந்நம்பிக்கை இல்லையேல் இணையம் இல்லை. ஆனால் விசாரியாத நம்பிக்கை ஒவ்வொரு முறையும் அதனைக் கவிழ்த்திருக்கிறது. கேட்டதைச் சொல்லாதே, கண்டதைச் சொல் என்ற விதியும், பழைய செய்திக்கு ஆயுள் வை என்ற விதியும், உரிமை கோருபவரிடம் பதிவைக் கேள் என்ற விதியும், நம்பிக்கையைக் கைவிடுவதற்காகத் தோன்றியவை அல்ல. அதனைக் காப்பாற்றுவதற்காகத் தோன்றியவை. அயலூரில் அண்டை வீட்டாரை நம்பியே வாழ்க்கை நடத்தும் நமக்கு இவ்வுண்மையை எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை.